பிரமன் பெயர் பெற்ற கல்



ஏட்டிலும் கல்வெட்டிலும் எழுதப்பட்டதையே வரலாறு என்று கொள்வது எம்மைப் போன்ற தமிழாசிரியர்களின் வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது எழுத்தே இல்லாத ஒரு கல். தமிழ் படிப்பிக்கிறவனுக்கு நிலவியலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தக் கல்லின் கதை ஒரு பெயரில் தொடங்கி ஒரு பெயரிலேயே முடிகிறது. பெயர்களைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழாசிரியனுக்குச் சற்று உரிமை உண்டல்லவா?

நான் அக்கராயனில் வாழ்பவன். அக்கராயன் யார் என்று வெளியூர் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. முன்னொரு காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட சிற்றரசன் என்பது எங்கள் ஊர் வழக்கு. அவன் பெயராலே குளம் இருக்கிறது. குளத்தின் கீழே வயல் இருக்கிறது. வயலை நம்பி ஊர் இருக்கிறது. ஆனால் அவன் எந்தக் காலத்தவன், யார் மகன், யாரோடு பொருதினான் என்று கேட்டால் ஊரில் எவரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். ஆள் மறைந்து பெயர் மட்டும் மிஞ்சிய ஊர் எங்களுடையது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றக் கதையைக் கேளுங்கள்.

சில காலத்துக்கு முன் எங்கள் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, பழைய துணியில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளங்கையை நிறைக்கும் அளவான மங்கல் மஞ்சள் நிறக் கல். பாய் சுருட்டினாற்போல ஒரே தளத்தில் சுருண்டிருந்தது. நடுவிலிருந்து விளிம்பு வரை வரிவரியாக மேடுகள். ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்திருந்தது.

"சேர், இது அம்மப்பா வைச்சிருந்த கல். நீங்கள் சங்க இலக்கியத்தில சங்கு எண்டு படிப்பிச்சீங்களே, இது கல்லாய்ப் போன சங்கோ?"

வகுப்பு முழுவதும் கூடிவிட்டது. சுருண்டு கிடக்கும் பாம்பு என்றான் ஒருவன். நத்தை என்றான் இன்னொருவன். நானும் என் புலமையை விட்டுவிடாமல், "இது சாளக்கிராமம். வைணவர்கள் வீட்டில் வைத்துப் பூசிப்பது" என்று தீர்ப்புச் சொன்னேன். மாணவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆசிரியன் சொன்னால் யார் மறுப்பார்?

மறுத்தவர் எங்கள் விஞ்ஞான ஆசிரியர். கல்லைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், "மாஸ்ரர், நீங்கள் சொன்னது பாதி சரி. சாளக்கிராமத்துக்குள்ளே இருப்பதும் இதன் இனத்தானே. ஆனால் இது அந்தக் கல் அல்ல. இது அமோனைற்று" என்றார். பாதி சரி என்ற அந்தச் சொல்தான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது. படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அமோனைற்று என்பது இன்று உலகில் எங்கும் இல்லாத ஒரு கடல்வாழ் உயிரினம். இதன் பெருங்குலம் ஏறத்தாழ 41 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களோடு ஏறக்குறைய ஒரே காலத்தில், அற்றுப்போனது. பார்த்தால் நத்தை போலத் தோன்றினாலும் நத்தைக்கும் இதற்கும் நெருக்கம் குறைவு. எங்கள் கடற்கரைச் சந்தைகளில் விற்கிற கணவாய்தான் இதற்குக் கிட்டிய உறவு. கணவாய்க்கு உள்ளே ஓடு. இதற்கு வெளியே ஓடு. அவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உறவுமுறை அப்படித்தான் போகிறது.

அந்த ஓட்டின் அமைப்பு அதிசயமானது. சுருளின் கடைசிப் பகுதியில்தான் உயிர் குடியிருந்தது. அது வளர வளர ஓட்டின் வாயை முன்னே நீட்டிக் கட்டியது. பின்னே விட்டுவந்த இடத்தை ஒரு சுவரால் அடைத்தது. இப்படி அறைக்குப் பின் அறையாக வீடு பெருகியது. அடைத்த அறைகளையெல்லாம் ஊடுருவி ஒரு மெல்லிய குழாய் சென்றது. அதன் வழியாக அறையிலிருந்த நீர் வெளியேற, அதனிடத்தில் வாயு நிறைந்தது. அதனால் ஓட்டின் பாரம் கடலில் தெரியவில்லை; உயிர் அமிழ்ந்தும் போகாமல், மேலே தள்ளப்பட்டும் போகாமல் நீருள் மிதந்தது. இன்று இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பகுதியிலும் பசிபிக்கிலும் வாழும் நோட்டிலஸ் என்ற உயிரும் இதே முறையில்தான் மிதக்கிறது.

இடைச்சுவர் வெளி ஓட்டைத் தொடும் இடத்திலே ஒரு கோடு உண்டாகிறது. நோட்டிலசில் அது எளிய வளைவு. அமோனைற்றிலோ, பன்னத்தின் இலை ஓரம் போல மடிப்புக்குள் மடிப்பாக நெளிந்திருக்கும். மேலோடு தேய்ந்த கல்லில் இந்தக் கோடு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வகைக்கும் கோட்டின் நெளிவு வேறு. அதை வைத்துத்தான் அறிஞர்கள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிகிறார்கள். அமோனைற்று வகைகள் விரைவாகத் தோன்றி விரைவாக மறைந்தவை. கடல் வழியே தூர தேசங்களுக்கும் பரவியவை. ஆகவே ஒரு பாறையில் எந்த வகை கிடக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பாறை எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். அரசர் பெயர் பொறித்த நாணயம் தொல்லியலாளருக்கு எப்படியோ, நிலவியலாளருக்கு அமோனைற்று அப்படி.

இனிப் பெயருக்கு வருவோம். இந்தச் சுருண்ட கல் கையில் அகப்பட்ட மக்களெல்லாம் தங்களிடமிருந்த மிக உயர்ந்த பெயரையே அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். எகிப்தியரின் கடவுளான ஆமோனுக்குச் செம்மறிக் கடாவின் சுருண்ட கொம்பு உண்டு. உரோமானியரான பிளினி, ஆமோனின் கொம்பு என்ற ஒரு கல்லைத் தமது நூலிலே குறிப்பிட்டு, அது வருவதுரைக்கும் கனவுகளைத் தரும் என்ற நம்பிக்கையையும் சொல்லியிருக்கிறார். அமோனைற்று என்ற பெயர் வந்த வழி அதுதான். இங்கிலாந்தின் விற்பிக் கடற்கரை மக்களோ, ஹில்டா என்ற புனிதவதி பாம்புகளைக் கல்லாக்கினார் என்று சொன்னார்கள். கல்லிலே தலை இல்லையே என்று கேட்டவர்களுக்காகப் பாம்புத் தலையைச் செதுக்கியும் விற்றார்கள். அங்கே கிடைக்கும் ஒரு வகைக்கு ஹில்டோசெராஸ் என்றே இன்று பெயர். என் மாணவன் பாம்பு என்று சொன்னதில் பிழையில்லை. அவனுக்கு முன்னால் ஒரு நகரமே அப்படிச் சொல்லியிருக்கிறது.

சாளக்கிராமத்தின் கதையை நீங்கள் அறிவீர்கள். நேபாளத்திலே முக்திநாத்தை அடுத்த காளிகண்டகி ஆற்றில் கிடைக்கும் கறுத்த உருண்டைக் கற்கள் அவை. உடைந்த கல்லுக்குள்ளே தெரியும் சக்கரம், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அமோனைற்றின் பதிவு. இமயம் எழுமுன் அங்கே கிடந்த கடலின் சேறுதான் அந்தக் கருங்கல். திருமங்கையாழ்வார் பாடிய தலம் அது. வைணவர்களின் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. எங்கள் சைவ வீடுகளில் சாளக்கிராமம் வைக்கும் வழக்கம் குறைவாதலால் நான் அதைக் கண்டது குறைவு. ஆகவேதான் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் வேற்றுமை தெரியாமல் தீர்ப்புச் சொன்னேன்.

அப்படியானால் மஞ்சள் கல் எங்கிருந்து வந்தது? மாணவியின் குடும்பம் 1990ஆம் ஆண்டு படகேறி இந்தியா போனது. புதுச்சேரிக்கு வடக்கே ஓர் அகதி முகாமில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்தது. அவள் பிறந்ததும் அங்கேதான். 2012இல் ஊர் திரும்பினார்கள். கல்லும் அவர்களோடு வந்தது. முகாம், புதுச்சேரி என்ற சொற்களைக் கேட்டவுடன் விஞ்ஞான ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். புதுச்சேரிக்கு மேற்கே வழுதாவூர் என்று ஓர் ஊர் உண்டு. அமோனைற்றுகளின் வரலாற்றில் அது சாதாரண ஊர் அல்ல.

இற்றைக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன், சென்னை ஆட்சிச் சேவையில் இருந்த கே, கன்லிப் என்ற இரு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களிலே கல்லாகிப்போன சிப்பிகளையும் சுருள்களையும் சேர்த்தார்கள். சேர்த்தவற்றை இலண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே அவற்றை ஆராய்ந்தவர் எட்வேர்ட் போர்ப்ஸ். 1815இல் மான் தீவிலே பிறந்தவர். இலண்டன் நிலவியற் சங்கத்தின் காப்பாளராக இருந்தவர். 39 வயதிலேயே இறந்துபோனவர். தென்னிந்திய உயிர்ச்சுவடுகள் பற்றிய அவருடைய அறிக்கை 1846இல் வெளிவந்தது.

புதிய வகைகள் பல. எல்லாவற்றுக்கும் பெயர் வேண்டும். ஐரோப்பிய அறிஞர்கள் கிரேக்க, உரோமானியப் புராணங்களிலிருந்து பெயர் எடுப்பது வழக்கம். போர்ப்ஸ் என்ன நினைத்தாரோ, இந்துக் கடவுளரின் பெயர்களை எடுத்துக்கொண்டார். ஒன்றுக்குப் பிரமன், ஒன்றுக்கு விஷ்ணு, ஒன்றுக்கு இந்திரன், ஒன்றுக்குச் சூரியன், ஒன்றுக்கு வருணன், ஒன்றுக்குக் கணேசன். தமிழ்நாட்டு மண்ணிலே கிடந்த சுருள்கள் இலண்டன் மேசையிலே தேவர் சபையாகிவிட்டன.

ஐம்பது ஆண்டு கழித்து வியன்னாவிலே பிரான்ஸ் கொஸ்மற் என்ற இளைஞர் தென்னிந்திய அமோனைற்றுகளை மீண்டும் ஆராய்ந்தார். போர்ப்ஸ் பிரமன் என்று பெயரிட்ட வகை, மற்றவற்றோடு ஒரே பேரினத்தில் வைக்கத் தக்கதல்ல என்று கண்டார். 1897இல் அதற்குத் தனிப் பேரினம் ஒன்றை வகுத்துப் பிரமைற்றீஸ் என்று பெயர் வைத்தார். உள்வளையங்கள் மூடப்படாமல் வெளியே தெரியும் சுருள் அது; இடைக்கிடை கயிற்றால் இறுக்கினாற்போலப் பள்ளங்கள் அதன்மேல் ஓடும். அமோனைற்றுகளின் கடைசிக் காலமாகிய, 7 கோடியே 20 இலட்சம் ஆண்டுக்கும் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தது. படைக்கும் கடவுளின் பெயர், முடியப்போகும் ஒரு குலத்தின் கடைசித் தலைமுறைக்கு வாய்த்தது ஒரு விந்தை. இன்னொரு விந்தை, கொஸ்மற்றின் பெயரால் பிற்பாடு ஒரு பேரினமும் ஒரு குடும்பமும் அமைந்தன; பிரமைற்றீஸ் அந்தக் குடும்பத்தில்தான் அடங்குகிறது. பிரமன் கொஸ்மற் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான்!

இவர்கள் இருவருக்கும் இடையில் இன்னும் இருவரைச் சொல்லவேண்டும். ஒருவர் ஹென்றி பிளான்போர்ட். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையிலிருந்து வந்து, 1850களின் இறுதியில் திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காட்டுப் பகுதிகளிலே அலைந்து, அந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாக வகுத்தவர். பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத்துறையின் முதல் தலைவராகி மழையைக் கணக்கிட்டவரும் இவரே. சாளக்கிராமங்களுக்குள்ளே அடிக்கடி காணப்படும் ஒரு பேரினம் பிளான்போர்டிசெராஸ் என்று இவர் பெயரைத் தாங்குகிறது.

மற்றவர் பெர்டினாண்ட் ஸ்டொலிஸ்கா. மொராவியா நாட்டவர். 1862இல் கல்கத்தா வந்து, தென்னிந்தியக் கிரித்தேசியக் கால உயிர்ச்சுவடுகளை நான்கு பெருந்தொகுதிகளாக எழுதி 1873இல் முடித்தார். அதன் பின் மத்திய ஆசியாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு யார்க்கந்து போய், திரும்பும் வழியில், 1874ஆம் ஆண்டு யூன் மாதம் லடாக்கின் உயர்மலையிலே மூச்சுத் திணறி இறந்தார். அப்போது வயது 36. லே நகரில் அவர் கல்லறை இருக்கிறது. அரியலூர்ச் சுருளைப் படித்தவன் இமயத்துப் பனியிலே கிடக்கிறான் என்றால், அறிவுக்கும் ஒரு விலை உண்டு என்பது விளங்கும்.

இவர்கள் தந்த பெயர்களிலே எங்கள் தமிழ் ஊர்களும் இருக்கின்றன. ஊட்டத்தூர் என்ற சிற்றூரின் பெயரால் உட்டட்டூரிசெராஸ் என்று ஓர் அமோனைற்றுப் பேரினம் உண்டு. வரகூர் பெயரால் ஒரு வகை உண்டு. அந்த ஊர்க்காரர் காணாத தேசங்களிலே அந்த ஊரின் பெயர் பாடப்படுகிறது.

ஆனால், நேயர்களே, எனக்கு ஒரு குறை. இந்தக் கற்களை முதலில் நிலத்திலிருந்து எடுத்த கை யாருடையது? கிணறு வெட்டியவன், ஏர் உழுதவன், ஓடையில் ஆடு மேய்த்தவன், துரைக்குக் கூடை சுமந்தவன். இவர்களில் ஒருவரின் பெயராவது எந்த அமோனைற்றுக்கும் சூட்டப்பட்டதாக நான் வாசித்ததில்லை. தேவருக்கு இடம் கிடைத்தது. துரைமாருக்கு இடம் கிடைத்தது. எடுத்துக் கொடுத்தவனுக்கு இடமில்லை. போர்ப்ஸ் ஆராய்ந்த கற்கள் இன்று இலண்டன் அருங்காட்சியகத்திலும், ஸ்டொலிஸ்கா ஆராய்ந்தவை கல்கத்தாவிலும் இருக்கின்றன. வழுதாவூரின் பிரமனைத் தரிசிக்க வழுதாவூரார் இலண்டன் போகவேண்டும்.

இந்தக் குறையை வகுப்பிலே சற்றுக் கோபத்தோடுதான் சொன்னேன். விஞ்ஞான ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோபம் சரி, மாஸ்ரர். ஆனால் அவர்கள் செய்த ஒன்றை நாங்கள் செய்திருக்கிறோமா? கல்லோடு சேர்த்து ஒரு துண்டுக் கடதாசி வைத்தார்கள்" என்றார்.

துண்டுக் கடதாசி என்றால், எந்த ஊரில் கிடைத்தது, எந்தப் பாறையில், யார் சேர்த்தது என்று எழுதிய சீட்டு. போர்ப்ஸ் தம் மேசையில் இருந்தபடியே புதுச்சேரிக் கல்லையும் திருச்சிராப்பள்ளிக் கல்லையும் பிரித்துப் பேச முடிந்தது அந்தச் சீட்டினால். ஐம்பது ஆண்டு கழித்துக் கொஸ்மற் அவரைத் திருத்த முடிந்தது, கல்லும் சீட்டும் பெயரும் ஒன்றாக இருந்ததனால். பின்னர் ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் பிஸ்கே விரிகுடாக் கரையின் செங்குத்துப் பாறைகளிலே ஓர் அமோனைற்றை ஆராய்ந்தவர்கள், இது வழுதாவூர்ப் பிரமனேதான் என்று 1993இல் எழுதினார்கள். அந்தக் கடலும் இந்தக் கடலும் ஒரு காலத்தில் ஒரே உயிரை வளர்த்தன என்று அப்படித்தான் தெரிய வந்தது. சீட்டு இல்லையென்றால் அது வெறும் கல். வடிவான கல், கடதாசி பறக்காமல் மேலே வைக்கலாம், அவ்வளவே.

மாணவர்கள் இன்னொரு கேள்வி கேட்டார்கள். "சேர், எங்கட மண்ணிலயும் தோண்டினால் இது வருமோ?" வராது என்றுதான் பதில் சொல்ல நேர்ந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வடமேற்குக் கரையோரமாகவும் கிடக்கும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. அதன் தொடக்கம் 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். கடைசி அமோனைற்று இறந்து 4 கோடி ஆண்டுகள் கழிந்த பிறகே எங்கள் சுண்ணாம்புக்கல் படியத் தொடங்கியது. அதிலே சிப்பி வரும், சங்கு வரும், அமோனைற்று வராது. அதற்குத் தெற்கே தொடங்கும் பழம்பாறையோ அமோனைற்றுக் குலம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முந்தியது. ஒன்று மிகப் பிந்தியது; மற்றது மிக முந்தியது. நடுவிலே இருந்த காலத்தின் ஏடு எங்கள் பக்கத்திலே கிழிந்துவிட்டது.

முற்றாகக் கிழியவில்லை. மன்னார்க் கடலின் கீழே, இந்தியாவும் இலங்கையும் விலகியபோது உண்டான ஆழ்ந்த பள்ளம் ஒன்று கிடக்கிறது. அதிலே கிரித்தேசியக் காலப் படிவுகள் தடித்துக் கிடக்கின்றன. 2011ஆம் ஆண்டு அங்கே துளையிட்டபோது இயற்கை வாயு கிடைத்தது. அரியலூரிலும் வழுதாவூரிலும் நிலத்தின் மேலே தெரியும் அந்தக் காலம், எங்களுக்குக் கடலின் அடியிலே மறைந்து கிடக்கிறது. ஆகவே அந்த மஞ்சள் கல் எங்களுக்கு முற்றிலும் அந்நியமல்ல. நீரின் மறுகரையிலிருந்து வந்த உறவு.

அடுத்த வாரம் மாணவியின் அம்மப்பாவைப் பார்க்கப் போனேன். வயது எண்பதைத் தாண்டியவர். முற்றத்து வேம்பின் கீழே சாய்மனைக் கதிரையில் இருந்தார். கல்லைக் கையிலே கொடுத்ததும் பெருவிரலால் வரிகளைத் தடவிக்கொண்டே பேசினார்.

"கிணறு வெட்டேக்கை வந்தது, மாஸ்ரர். முகாமில இருந்து கூலிக்குப் போறனாங்கள். வழுதாவூருக்குப் போற றோட்டில, ஒரு கவுண்டர் காணி. 96 எண்டு நினைக்கிறன். மண்வெட்டியில தட்டுப்பட்டது. அந்தக் காணிக்காரர், சாமி மாதிரி இருக்கு, நீயே வச்சுக்கோ எண்டு தந்தவர். ஊருக்குப் போற நாளிலை கொண்டு போவம் எண்டு வைச்சிருந்தன்."

"என்னோடை வெட்டினவை மூண்டு பேர்" என்று சொல்லி மூன்று பெயரையும் சொன்னார். இருவர் அங்கேயே இறந்துவிட்டார்கள். ஒருவர் எங்கே என்று தெரியாது. நான் கொப்பியிலே எழுதிக்கொண்டேன். எழுதும்போது கை சற்று நின்றது.

ஏன் நின்றது என்று சொல்லவேண்டும். 2008ஆம் ஆண்டு ஐப்பசியிலே நாங்கள் அக்கராயனை விட்டு வெளிக்கிட்டபோது, புத்தகங்களையும் படங்களையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்து வளவுக்குள் புதைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து தோண்டியபோது பெட்டியில் கறையானும் துருவும்தான் மிஞ்சியிருந்தன. ஒரேயொரு படம் பாதி தப்பியிருந்தது. ஐயாவின் காலத்துப் படம். மரத்தடியிலே ஒன்பது பேர் நிற்கிறார்கள். ஐயாவைத் தெரிகிறது. மற்ற எட்டுப் பேர் யார்? பின்பக்கத்திலே எதுவும் எழுதப்படவில்லை. எழுத வேண்டுமென்று எவருக்கும் தோன்றியிருக்காது. எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த காலம் அது. இப்போது தெரிந்தவர் எவரும் இல்லை. நான் அந்தப் படத்தைப் பலரிடம் காட்டிக் கேட்டுவிட்டேன். எட்டு முகங்கள் இருக்கின்றன. எட்டுப் பெயர்கள் இல்லை.

அக்கராயனுக்குப் பெயர் உண்டு, முகம் இல்லை. அந்த எட்டுப் பேருக்கு முகம் உண்டு, பெயர் இல்லை. இரண்டும் ஒரே இழப்பின் இரு பக்கங்கள். ஏழு கோடி ஆண்டு கிடந்த கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்கோ நாற்பது ஆண்டுக்குள் இந்த நிலை வந்துவிட்டது.

கல்லுக்குச் சீட்டு எழுதுவது என்று வகுப்பிலே முடிவு செய்தோம். அந்த மாணவி அழகான கையெழுத்தில் முதல் வரியாகப் பிரமைற்றீஸ் என்று எழுதிக்கொண்டு வந்தாள். பிரமன் பெயர் அவளுக்குப் பிடித்துவிட்டது. ஊரும் வழுதாவூர்ப் பக்கந்தானே என்று வாதாடினாள். விஞ்ஞான ஆசிரியர் கல்லைத் திருப்பிக் காட்டினார். இணைகோடுகள் தேய்ந்துபோயிருந்தன. அந்தப் பக்கத்துப் பாறைகளிலே வகைகள் பல. கோடு தெரியாமல் இன்னது என்று சொல்வது முறையல்ல என்றார்.

மாணவியின் முகம் வாடியது. அப்போது எனக்கு எங்கள் புராணக் கதை ஒன்று நினைவுக்கு வந்தது. நீங்கள் அறிந்த கதைதான். சோதிப் பிழம்பாய் நின்ற சிவனின் அடியைத் தேடித் திருமால் பன்றியாய்ப் போனார். முடியைத் தேடிப் பிரமன் அன்னமாய்ப் பறந்தான். திருமால், காணவில்லை என்று உண்மையை ஒப்புக்கொண்டார். பிரமனோ, மேலிருந்து விழுந்த தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக வைத்து, முடியைக் கண்டேன் என்றான். அதனாலேதான் பிரமனுக்குக் கோயில் அருகிப்போயிற்று. தாழம்பூவும் சிவபூசைக்கு ஆகாததாயிற்று.

"பிள்ளை, பிரமன் பெயரை எழுதுவதற்காகப் பிரமன் செய்த பிழையை நாங்கள் செய்யக்கூடாது" என்றேன். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, அந்தக் கடதாசியை மடித்து வைத்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

அந்தச் சீட்டு இன்று எங்கள் கல்லூரியின் கண்ணாடி அலுமாரியிலே கல்லுக்குக் கீழே இருக்கிறது. அமோனைற்று. பேரினம் துணியப்படவில்லை. வழுதாவூர் வீதி, புதுச்சேரிக்கு மேற்கே. கிணறு வெட்டும்போது கிடைத்தது. ஏறத்தாழ 1996. அதன் கீழே நான்கு பெயர்கள்: அவளுடைய அம்மப்பாவின் பெயரும், அவரோடு மண் அள்ளிய மூவரின் பெயர்களும்.

என்றாவது ஒருநாள் கோடுகளைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வந்து பேரினத்தை நிரப்பக்கூடும். அந்த வரிக்கு இடம் விட்டிருக்கிறோம். கீழேயுள்ள நான்கு பெயர்களையும் எவரும் தேடி அலைய வேண்டியதில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு படம் இருக்கும்; ஒரு பெட்டகம் இருக்கும்; ஒரு பழைய ஏடோ, உறுதியோ, செம்போ இருக்கும். அதை அறிந்த ஒருவர் இன்னும் முற்றத்தில் சாய்மனைக் கதிரையிலே இருக்கக்கூடும். இன்று இரவே அவரிடம் போய்க் கேளுங்கள். பெயர், ஊர், ஆண்டு, இவை போதும். தெரியாததற்கு இடம் விடுங்கள். தெரிந்ததைப் பின்பக்கத்திலே எழுதி வையுங்கள்.